பத்தாயிரத்துக்குள் ஒரு மானிட்டர்

கேம் ஆட மானிட்டர் வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் நான் பட்ஜெட்டை விசாரிப்பதில்லை. அது எப்போதும் பத்தாயிரம்தான். "வீட்டுல என்ன கிராபிக்ஸ் கார்டு?" என்றுதான் கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், அதற்கும் மானிட்டருக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்ப்பார்கள். சம்பந்தமே அங்கேதான் இருக்கிறது. மானிட்டர் சொந்தமாக எதையும் வரைவதில்லை. கார்டு வரைந்து அனுப்பும் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதுதான் அதன் வேலை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு அறுபது தடவை படத்தை மாற்றும், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் நூற்று நாற்பத்து நான்கு தடவை. கார்டு ஐம்பது படம்தான் அனுப்புகிறது என்றால் மீதியை மானிட்டர் எங்கே போய் வாங்கும்?

அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் பட்டியலோடு வந்தாள். "27 இன்ச், கர்வ்டு, 180 ஹெர்ட்ஸ், எச்டிஆர். எல்லாம் இருக்கணும் சித்தப்பா." அவள் கணினியில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650, 2019-இல் வந்த கார்டு. அவள் ஆடுவது பெரும்பாலும் வாலரண்ட். அது 2020-இல் வெளிவந்தபோது, நொடிக்கு 144 படம் கிடைக்க ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போதும் என்று ஆட்டத்தை உருவாக்கிய ரயட் நிறுவனமே சொன்னது. அது 2016-ஆம் வருஷத்துக் கார்டு. ஆக, அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இதே பெண் சைபர்பங்க் 2077 மட்டும் ஆடுகிறவளாக இருந்தால், "100 ஹெர்ட்ஸ் போதும், மிச்சத்தைக் கார்டு மாற்றச் சேர்த்து வை" என்று சொல்லியிருப்பேன். அந்த ஆட்டத்தில் 1650 அறுபதைத் தொடவே திணறும்.

ஆனால் 144 போதுமா, 180 வேண்டுமா என்று கடைவாசலில் நின்று தவிக்க வேண்டியதில்லை. 60-இல் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி செகண்ட். 144-இல் ஏறக்குறைய 7. மிச்சமாவது பத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதை யாரும் சொல்லித் தராமலே கண் கண்டுபிடித்துவிடும். 144-இலிருந்து 180-க்குப் போனால் மிச்சமாவது வெறும் 1.4 மில்லி செகண்ட். இரண்டும் ஒரே விலை என்றால் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இந்த 60 என்ற எண் நம் தலையில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன் பிரௌசிங் சென்டர்களில் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடியவர்களுக்கு அந்தக் குண்டு மானிட்டர்கள் நினைவிருக்கும். பாதி மேஜையை அடைத்துக்கொண்டு நிற்கும். 60-இல் வைத்தால் திரை படபடத்துத் தலைவலி கொடுக்கும் என்பதால் விவரம் தெரிந்த சென்டர் அண்ணன்கள் 75, 85 என்று ஏற்றி வைத்திருப்பார்கள். அந்தத் திரையில் ஒவ்வொரு படமும் மின்னி அணைந்துவிடும். அதனால் ஓடுகிற ஆள் தெளிவாகத் தெரிவான். பிறகு தட்டை எல்சிடி வந்தது. படபடப்பு போயிற்று, கரண்ட் பில் குறைந்தது, மேஜையில் டீ கிளாஸ் வைக்க இடம் கிடைத்தது. கூடவே எல்லோரும் சத்தமில்லாமல் 60-க்கு இறங்கிவிட்டோம்.

எல்சிடி ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஓடும் உருவத்தைத் துரத்துகிற கண்ணோ நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். இந்தப் பொருத்தக்கேடுதான் நமக்கு மங்கலாகத் தெரிகிறது. 1920 புள்ளி அகலமுள்ள திரையை ஒருவன் இரண்டு நொடியில் கடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 960 புள்ளி. 60 ஹெர்ட்ஸில் அவன் உருவம் 16 புள்ளி அகலத்துக்கு இழுபடும், 120-இல் எட்டாகக் குறையும். குறி வைக்க வேண்டியது தலையை என்றால் இந்த எட்டுப் புள்ளி பெரிய விஷயம். அதிக ஹெர்ட்ஸுக்கு நாம் கொடுக்கும் காசு, குண்டு மானிட்டர் கேட்காமலே தந்துகொண்டிருந்ததில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கத்தான்.

சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. மானிட்டர் வாங்க அங்கே போவதில் ஒரு லாபம் உண்டு: ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆனால் கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ வீடியோவைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பஞ்சவர்ணக்கிளி, சொட்டுகிற தேன், வெளிச்சம் நூற்றுக்கு நூறு. அதில் எந்த மானிட்டரும் அழகாகத்தான் தெரியும். புடவைக் கடையில் விவரமான பெண்கள் புடவையை வாசல் வெயிலுக்கு எடுத்துக்கொண்டு போவதுபோல், நாம் மானிட்டரை இருட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நான் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப்போய் இருட்டான ஒரு ஆட்டக் காட்சியைப் போடச் சொன்னேன். கடைப்பையன் முனகிக்கொண்டே கேபிளை மாட்டினான்.

முதலில் பார்த்தது விஏ பேனல். கறுப்பு நிஜமாகவே கறுப்பாக இருந்தது. விஏ பேனலில் வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 3000-க்கு 1, இன்னொரு வகையான ஐபிஎஸ்ஸில் 1000-க்கு 1. அண்ணன் மகள் மயங்கிவிட்டாள். மவுஸை வாங்கி, காட்சியை இடமும் வலமுமாக வேகமாகத் திருப்பினேன். சாம்பல் நிறச் சுவரின் ஓரத்திலிருந்து கறுப்பு நிழல், ஈரத் துணியால் துடைத்த கரி மாதிரி இழுத்துக்கொண்டே வந்தது. மலிவான விஏ பேனலில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறுவது மெதுவாகத்தான் நடக்கும். அடுத்த படம் வந்த பிறகும் பழையது முழுசாகப் போயிருக்காது. ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகப் பேய் ஆட்டம் ஆடுகிறவர்களுக்கும், படம் பார்க்கிறவர்களுக்கும் விஏ தங்கம். மூலையில் ஒளிந்திருப்பவனை அரை நொடியில் சுட வேண்டியவர்கள் ஐபிஎஸ் பக்கம் போவதே நல்லது. ஐபிஎஸ்ஸில் கறுப்பு கொஞ்சம் சாம்பலடிக்கும், ஓரங்களில் லேசான வெளிச்சக் கசிவு தெரியும். கடை டியூப் லைட்டில் அது கண்ணில் படாது, வீட்டில் இருட்டில் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் '1 மில்லி செகண்ட்' பற்றி ஒரு வார்த்தை. பொய் என்று சொல்லிவிட முடியாது, முழு உண்மையும் இல்லை. நிறம் மாறும் வேகத்தை முடுக்கும் ஓவர்டிரைவ் என்ற வசதியை உச்சத்தில் வைத்தால், ஏதோ ஒரு நிற மாற்றத்தில் அந்த எண் கிடைக்கும். அப்போது நகரும் எழுத்துகளுக்குப் பின்னால் வெளிறிய ஒரு வளையம் வால் பிடித்துக்கொண்டு ஓடும். எண்ணுக்குப் பக்கத்தில் 'எம்பிஆர்டி' என்று பொடி எழுத்தில் இருந்தால் அது வேறு கணக்கு. பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு எடுத்தது. அதைப் போட்டால் திரை மங்கும். கார்டின் வேகத்துக்கு மானிட்டரை இணைக்கும் ஃப்ரீசிங்க், பெரும்பாலான மாடல்களில் அதோடு சேர்ந்து வேலை செய்யாது. ஓவர்டிரைவை நடுவில் வைத்துவிட்டு அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

ஃப்ரீசிங்க் மட்டும் அவசியம் வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் இந்த வகை மானிட்டர்களோடு ஒத்துப்போகத் தொடங்கிவிட்டதால், ஜி-சிங்க் என்று தனியாகக் காசு அழ வேண்டியதில்லை. ஆனால் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 'ஃப்ரீசிங்க்' ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பலவற்றில் அது 48-க்கும் 75-க்கும் இடையில்தான் வேலை செய்யும். கார்டு 45-க்கு இறங்கினால் கைவிட்டுவிடும். 144 உள்ள மானிட்டரில், கீழே இறங்கினால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டிச் சமாளிக்க இடம் இருக்கிறது. பழைய, மெதுவான கார்டு வைத்திருப்பவருக்கும் அதிக ஹெர்ட்ஸ் பயன்படுகிற இடம் இது.

எச்டிஆரா? இந்த விலையில் அது பேருக்குத்தான். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் ஏற்பாடு இல்லாமல் 'எச்டிஆர்' என்று எழுதுவது வெறும் அலங்காரம். வளைவு அவரவர் ஆசை. 27 அங்குலம் வேண்டாம் என்று மட்டும் சண்டையே போட்டேன். 1080 திரையை 24-லிருந்து 27 அங்குலத்துக்கு இழுத்தால் ஒரு புள்ளியின் அளவு 0.28 மில்லிமீட்டரிலிருந்து 0.31 ஆகிவிடும். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்காருகிறவர்களுக்கு எழுத்து பிசிறடிக்கும். 27 அங்குலத்துக்குப் பொருத்தமானது 1440 திரை. அதற்கு விலையும் கூட, கார்டின் மேல் சுமையும் கூட. கடைசியில் 24 அங்குல ஐபிஎஸ் ஒன்றை எடுத்தோம். ஸ்டாண்டு உயராது, முன்னும் பின்னும் சாயும், அவ்வளவுதான். அவளுடைய பிளஸ் டூ கோனார் உரைகள் அடியில் போய் உட்கார்ந்தன.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் அவள் ஆட உட்கார்ந்துவிட்டாள். "கொஞ்சம் இரும்மா" என்று டிஸ்பிளே செட்டிங்ஸுக்குள் போய், அட்வான்ஸ்டு டிஸ்பிளேயைத் திறந்து காட்டினேன். 60 என்று இருந்தது. விண்டோஸ் பல நேரம் தானாக ஏற்றாது, நாம்தான் மாற்ற வேண்டும். அதிக ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி வருஷக்கணக்காக 60-இலேயே ஓட்டிக்கொண்டு, "பெரிசா வித்தியாசம் தெரியலையே" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மவுஸை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். 60-இல் அம்புக்குறி தள்ளித் தள்ளி விழும், 144-இல் நெருக்கமாக விழும். பட்டியலில் பெரிய எண்ணே இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள். பல மலிவு மாடல்களில் முழு வேகம் டிஸ்பிளேபோர்ட் வழியாகத்தான் கிடைக்கும், பெட்டிக்குள் இருப்பதோ எச்டிஎம்ஐ கேபிளாக இருக்கும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். மானிட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன் சார்" என்ற குரல் தெருவில் கேட்கத்தான் செய்யும். பேனல் போனால் புது மானிட்டர் விலைக்கு அருகில் கேட்பார்கள், அப்போது கையில் இருக்க வேண்டியது வாரண்டிதான். பணம் கொடுக்கும் முன் அங்கேயே பிரித்து, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று திரை முழுக்க ஒவ்வொரு நிறமாகப் போட்டுச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளிக்கு மாற்றித் தர மாட்டோம் என்பதே பல நிறுவனங்களின் விதி. பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் மானிட்டரின் முதுகில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். வெளியூர்க்காரர்கள், வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம்தான் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கிக்கொண்டு போவது நாம்தான் என்றால், வாரண்டி முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள். பஸ்ஸில் வேறு எதில் கொண்டுபோனாலும் திரை தாங்காது.