போத்தல்கள் சொல்லும் வயது

மூழ்கிய கப்பலொன்றின் வயதை அறிய விழைவோர் முதலில் அதன் மணியைத் தேடுவர். அது எளிதில் அகப்படுவதில்லை. மரத்தைக் கப்பற்புழு தின்றுவிடும். இரும்பு துருவேறி உதிரும். மணியை நமக்கு முன் வந்தவர் எவரேனும் கழற்றிச் சென்றிருப்பர். மாலுமிகள் குடித்துவிட்டு எறிந்த வெறும் போத்தல்களே பல வேளைகளில் சாட்சி சொல்ல எஞ்சுகின்றன.

திருகோணமலைக்கு வடக்கே, ஏறத்தாழ எட்டுப் பாக ஆழத்தில், பெயர் தெரியாத அத்தகைய கப்பலொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் கண்டோம். சங்கு குளிக்கும் இளைஞரொருவரே வழிகாட்டினார். மணலில் பாதி புதைந்து கிடந்த போத்தல்கள் யாவும் கறுப்பாகத் தோன்றின. ஆழம் கூடக்கூடச் செந்நிற ஒளி குன்றிவிடுவதால், அங்கே நிறத்தைக் கண்கொண்டு தீர்மானிப்பதற்கில்லை. விளக்கைப் பிடித்த பின்னரே அவற்றுள் பல கடும் பச்சை என்பது புலனாயிற்று.

நிறத்தைவிட நம்பத்தக்கது விரலின் தீண்டல். போத்தலின் அடியில் கரடுமுரடான வட்ட வடு ஒன்று தட்டுப்பட்டால், அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்டது. வாயை முடிக்கும்வரை போத்தலைத் தாங்கிப் பிடிக்க அடியில் ஒட்டிய இரும்புக்கோலை முறித்தெடுத்த தழும்பு அது. அச்சில் ஊதப்பட்ட போத்தலுக்குப் பக்கவாட்டில் மெல்லிய பொருத்துக்கோடு இருக்கும். அக்கோடு கழுத்தோடு மறைந்தால் வாயை ஒரு மனிதன் கையால் முடித்திருக்கிறான்; விளிம்பையும் கடந்து ஓடினால் அது இயந்திரத்தின் வேலை. மைக்கல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் அமெரிக்காவில் 1903இல்தான் வந்தது.

நாம் கண்டவற்றுள் மூன்று எம்மை அதிக நேரம் நிறுத்தி வைத்தன. ஒன்று சதுர வடிவான ஜின் போத்தல்; பெட்டிக்குள் இடம் வீணாகாமல் அடுக்குவதற்காக ஒல்லாந்தர் கையாண்ட வடிவம். மற்றொன்று அடி கூர்ந்த சோடாப் போத்தல். அதனால் நிற்க முடியாது. படுத்துக் கிடந்தால்தான் தக்கை நனைந்து ஊறி வாயுவை அடைத்து வைக்கும். நிற்கவொட்டாமற் செய்ததிலேயே அதன் சூட்சுமம் இருக்கிறது! மூன்றாவது கழுத்து நெரிந்த கோலிச் சோடாப் போத்தல். ஹைரம் கொட் என்னும் ஆங்கிலேயர் 1870களில் உரிமம் பெற்ற அமைப்பு அது. தமிழகத்தில் இன்றும் விற்பனையாகிறது.

சதுரப் போத்தலை மட்டும் கண்டு மேலே கொண்டுசென்றவர், கப்பலை ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்துக்கே தள்ளியிருப்பார். பழைய வடிவங்கள் நெடுங்காலம் நிலைத்தன. வெறும் போத்தல்கள் மீண்டும் மீண்டும் நிரப்பப்பட்டன. ஆதலால் கூட்டத்தில் மிக இளையது எதுவோ அதுவே கணக்கு. கோலிப் போத்தல் அவ்விடத்துக்கு உரியதாயின், 1870களுக்கு முன் அக்கப்பல் மூழ்கியிருக்க இயலாது. மூன்றும் ஒருங்கே கிடந்தமையாலேயே இவ்வளவும் சொல்ல முடிந்தது.

படகில் ஏறியதும் இதனை அவ்விளைஞருக்கு விளக்கி, எடுக்காமல் விடுவதே நன்று என்றோம். உப்புநீர் கண்ணாடியின் காரத்தை உறிஞ்சிவிடுவதால், கரையில் உலர்ந்தபின் மேற்பரப்பு செதில் செதிலாக உரியக்கூடும் என்பதையும் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சேர், உரியிறதுக்கு முதல் வாங்கிறவன் காசைத் தந்திடுவான். சங்கு கிடைக்காத கிழமையில இது ஒண்டு போதும் எங்களுக்கு. நான் விட்டிட்டுப் போனா அடுத்த வள்ளக்காரன் விடுவானோ?"

ஓய்வூதியம் பெறும் எம்மால் அக்கேள்விக்கு உடனே விடையிறுக்க இயலவில்லை. விடுவான் என்று சொல்ல எமக்கு ஆதாரமும் இல்லை. மூன்றும் கிடந்த இடங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தையும் அளந்து வரைந்து தருமாறு கேட்டு, அவ்வேலைக்குரிய கூலியைக் கொடுத்தோம். மறுநாள் பலகையும் பென்சிலுமாக அவர் இறங்கினார்.

அடுத்த மாதம் நாம் சென்றபோது கோலிப் போத்தலும் கூர் அடிப் போத்தலும் அங்கேயே இருந்தன. சதுரப் போத்தலைக் காணவில்லை. எடுத்தவர் யார் என்று நாம் அவரை வினவவில்லை. அவர் வரைந்த படத்தில் அது கிடந்த இடம் இருக்கிறது.