மாடியில் தொடங்கும் குளிர்ச்சி

சென்னை மணலியை அடுத்த மாத்தூர் எம்எம்டிஏ குடியிருப்பில் புதுப்பிக்கப்படும் ஒரு பழைய வரிசை வீட்டுக்குப் போயிருந்தேன். இருபுறமும் பொதுச்சுவர் என்பதால் பக்கவாட்டு வெயிலை அண்டை வீடுகளே தடுத்துவிடுகின்றன. அப்படியும் ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் அனலைத்தான் இறக்குகிறது என்றார் வீட்டுக்காரர். ஏசிக்கு ஒதுக்கிய பணத்தை இப்போது மாடிக்குத் திருப்பியிருக்கிறார்.

மேலே ஏறியதும் அதன் நியாயம் தெரிந்தது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகலெல்லாம் கான்கிரீட் தளம் வாங்கும் சூடு இரவில் அறைக்குள் இறங்குகிறது.

பழைய தட்டோடுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே படுக்கையறைக் கூரையில் ஓதம் ஊறி, கம்பி துருவேறி, காரை உதிர்ந்திருந்தது. "வாட்டம் சரி பண்ணாம மேல வெள்ளை அடிச்சா, தண்ணி உள்ளயே நின்னுடும் சார்" என்றார் மேஸ்திரி. துருவைச் சுரண்டி விரிசலை அடைத்த பிறகுதான் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி. அதன்மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடு. தேக்கு உத்தரங்கள்மேல் செங்கலை நிறுத்தி அடுக்கிய அந்தக்கால மெட்ராஸ் டெரஸ் கூரைக்கும் மேலே போட்டது இதே சுண்ணாம்பு ஜல்லிதான்.

லாரிப் புழுதியும் கரியும் படிந்தால் வெள்ளை ஓட்டின் பலன் குறையும். கழுவிவிட மாடியிலேயே குழாய் வைக்கிறார்கள்.

பின்கட்டைத் தகரத்தால் அடைத்திருந்ததால், கிழக்கு வாசலில் நுழையும் மதியக் கடற்காற்று வெளியேற வழியில்லை. பாதித் தகரத்தைக் கழற்றி கிரில் போட்டாயிற்று. ஆனால் மணலி ஆலைகளின் நாற்றம் வீசும் நாளில் சன்னலைச் சாத்தத்தான் வேண்டும். காற்றை மட்டும் நம்பி இங்கே வீடு கட்ட முடியாது. அதனால் 75 வாட் ஃபேன்களுக்குப் பதில் 30 வாட் அளவிலான பிஎல்டிசி ஃபேன்கள் வந்திருக்கின்றன. கூரை சூரிய மின்சாரத்துக்கு ஒன்றிய அரசு 2024 முதல் தரும் மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு. தளவேலை முடிந்த பிறகே அந்தப் பேச்சு.

பொதுச்சுவர் ஓரத்தில் மட்டும் வேலை நிற்கிறது. பக்கத்து மாடியின் வாட்டம் இந்தப் பக்கம் சாய்வதால், அதையும் சரிசெய்யாமல் இங்கே ஓதம் நிற்காது. வெயிலைத் தடுத்த அதே அண்டை வீடு மழைநீரை இங்கே அனுப்புகிறது. செலவைப் பாதிப்பாதியாகப் போட்டுக்கொள்ள இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.