பாடகரும் பள்ளிக்கூடமும்

என் பாட்டுப் பித்தைக் கழகத் தோழர்கள் நன்கு அறிவர். விடுதிக் குளியலறைக் கதவைத் தட்டி, "போதுமையா, தண்ணீர் தீர்ந்துவிடும்!" என்று கதறியவர்களும் உங்களுள் உண்டு. அந்தப் பித்து முற்றி, படிப்பைப் பாதியில் விட்டுச் சென்னைக்குச் செல்வதென்று முடிவே செய்துவிட்டேன்.

செய்தி கேட்ட அப்பா வையவில்லை. "மக்களே, கமுகறை புருஷோத்தமனைத் தெரியுமா?" என்றார்.

தெரியாமலா! 1930-இல் திருவட்டாற்றில் பிறந்தவர். 1956-இல் தமிழகத்தோடு இணைந்த நம் குமரிப் பகுதிக்காரர். 1955-இல் வெளிவந்த 'ஹரிச்சந்திரா'வில், சுடுகாட்டைப் பள்ளிக்கூடமென்று விளிக்கும் பாட்டைப் பாடியவர். நேமத்து மெரிலாண்டு ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த படம் அது. 'பார்கவி நிலையம்' பாட்டு 1964-இல். அதை மட்டும் இரவில் தனியே கேட்காதீர்கள், தூக்கம் போய்விடும்.

"அவர் வாத்தியார் வேலையை விடவில்லையே" என்றார் அப்பா. அவரும் ஆசிரியர், வேறு எதைச் சொல்வார்!

உண்மைதான். மலையாளப் படவுலகம் சென்னையில் குடியிருந்த காலத்திலும் கமுகறை ஊர்ப் பள்ளியில் ஆசிரியராகவே இருந்தார், தலைமையாசிரியரும் ஆனார். பின்பு யேசுதாஸின் காலம் வந்தது. படங்களில் இவர் குரல் அருகிற்று. 1995-இல் இதே திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

போகாததற்காக அவர் வருந்தினாரா? அப்பாவிடம் கேட்டேன், பதில் இல்லை. பிள்ளைகள் "சார், ஒரு பாட்டு" என்று கேட்டிருப்பார்களே, பாடியிருப்பாரா? அதற்கு மட்டும் அப்பா சிரித்தார்.

வரும் வெள்ளிக்கிழமை வண்டி. பயணச்சீட்டு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.