ஆயா பயந்த வானம்

2023 மார்ச் 7, மாசிப் பௌர்ணமி. மாலை ஆறரை மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளிப் பாறைகள் மேல் உட்கார்ந்திருந்தேன். வண்டிகளை நிறுத்திவிட்டதால் சாலை முழுக்க நடப்பவர்கள். எதிரே கடலுக்கு மேல் நிலா செம்மஞ்சளாக ஏறிக்கொண்டிருந்தது.

மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோள் நாலரைக்கும் ஏழரைக்கும் இடையே பசிபிக் கடல்மீது எரிந்து விழும் என்று இஸ்ரோ அறிவித்திருந்தது. நம் வானத்தில் எதுவும் தெரியாது என்று அறிந்தே போயிருந்தேன். வழியனுப்பாமல் இருக்க மனம் வரவில்லை.

இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து செய்து, 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய செயற்கைக்கோள் அது. எங்கள் ஊர்த் தெருப் பலகைகளைப் போலவே அதன் பெயரிலும் இரண்டு மொழி: மேகா என்றால் மேகம், டிராபிக் என்றால் பிரெஞ்சில் வெப்பமண்டலம். 867 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி மேகங்களையும் காற்றின் ஈரத்தையும் அளந்தது. அதிலிருந்த ஒரு கருவியின் பெயரே மெட்ராஸ். மூன்றாண்டு வேலைக்கென்று போனது, 2021 வரை உழைத்தது.

விழும் செயற்கைக்கோள் என்றால் எனக்கு 1979 நினைவுக்கு வரும். 77 டன் எடையுள்ள அமெரிக்க விண்வெளி நிலையம் ஸ்கைலேப் எங்கே விழும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத ஜூலை மாதம். எனக்கு ஒன்பது வயது. மொட்டை மாடியில் விரித்த பாயை ஆயா சுருட்டி உள்ளே கொண்டுவந்தார். "மேலருந்து விழுறதுக்கு நம்ம வூடு எதுன்னு தெரியுமா? உள்ள படுங்கடா" என்றார். ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

மேகா-டிராபிக்ஸை அப்படியே விட்டிருந்தால் நூறாண்டுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டு மாதக்கணக்கில் படிப்படியாகக் கீழே இறக்கினார்கள். நான் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் அதன் நான்கு உந்துபொறிகள் கடைசி முறையாக எரிந்தன என்று பிறகு படித்தேன். ஒவ்வொன்றின் விசையும் ஒரு கிலோ அரிசிப் பையைத் தாங்கும் அளவுதான். ஏறத்தாழ இருபது நிமிடம் எரிந்தன. ஆயிரம் கிலோ எடையுள்ள செயற்கைக்கோள், ஆளில்லாக் கடலுக்கு மேலே காற்றில் உரசிச் சிதைந்தது.

என்றாவது நீங்கள் இரவு வானத்தில் நெருப்பைப் பார்த்தால் கவனியுங்கள். எரிகல் ஒன்றிரண்டு நொடியில் மறைந்துவிடும். விழும் செயற்கைக்கோள் மெல்ல ஊர்ந்து, துண்டு துண்டாகப் பிரிந்து, ஒரு நிமிடம்கூடத் தெரியும்.

மேலே அனுப்புவது திறமை. பத்திரமாகக் கீழே இறக்குவதுதான் பொறுப்பு. 2030க்குள் இந்தியாவின் விண்பயணங்கள் எதுவும் வானில் குப்பை விடாது என்று இஸ்ரோ இலக்கு வைத்திருக்கிறது. ஏவுதலுக்குக் கைதட்டும் நாம், அந்த இலக்கு என்னவாயிற்று என்றும் ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.