மூச்சிழுக்க முடியாத காற்று

உயர்தர வகுப்பின் முதலாம் தவணைப் பரீட்சை முடிந்து பௌதிகவியல் விடைத்தாள் கைக்கு வந்தது. ஓரத்தில் ரீச்சர் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: "இந்தக் காற்றை மூச்சிழுக்க ஏலுமா, மகள்?"

கேள்வி சின்னது. காற்றின் பிசுக்குமை 180 மைக்ரோபொயிஸ். அதைப் பஸ்கால் செக்கனில் தருக. ஒரு பொயிஸில் 10 இலட்சம் மைக்ரோபொயிஸ். 10 பொயிஸ் சேர்ந்தால் ஒரு பஸ்கால் செக்கன். ஆகவே ஒரு பஸ்கால் செக்கனில் ஒரு கோடி மைக்ரோபொயிஸ். இவ்வளவும் எனக்குப் பாடம். ஆனால் ஒரு கோடியால் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டேன். 1.8 × 10⁻⁵ என்று வரவேண்டிய விடை 1.8 × 10⁹ என்று வந்திருந்தது.

அது எவ்வளவு பெரிய பிழை என்று ரீச்சர் வகுப்பில் விளக்கினார். அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1927ஆம் ஆண்டு தோமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் ஒரு புனலில் கீலை ஊற்றி வைத்தார். சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல உடையும் அந்தக் கீல், உண்மையில் மிக மெதுவாக ஒழுகும் திரவம். ஒரு துளி விழ எட்டு வருடங்களுக்கு மேலாகும். ஒன்பதாவது துளி 2014இல்தான் பிரிந்தது. அந்தக் கீலின் பிசுக்குமையே 2.3 × 10⁸ பஸ்கால் செக்கன்தான். என் காற்று அதைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு தடிப்பு! வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அன்றிரவு, "கலைப் பிரிவுக்கு மாறப்போறன்" என்று உம்மாவிடம் சொன்னேன். கலைப் பாடங்கள் பிடித்ததால் அல்ல, பயத்தால். வாப்பா ஒன்றும் பேசவில்லை. ரியூசன் காசுக்காக அவர் எதையெல்லாம் தள்ளிப்போட்டார் என்பது எனக்குத் தெரியும். அவர் ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை வாப்பா குத்தகை அரிசி எடுக்க மண்டூருக்குப் புறப்பட்டார். மூத்தம்மாவும் வருவேன் என்று நின்றார். அவருக்குத் தொய்வு வருத்தம். ஆனாலும் மண்டூர் வீட்டம்மாவைக் கண்டு கனகாலம். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். குருமண்வெளித் துறையில் பாதை ஏறி வாவியைக் கடந்தோம். மண்டூர்க் கரையில் ஒருவர் தோணியைக் கவிழ்த்துப்போட்டுக் கீல் பூசிக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மண்டூர் வீட்டுத் திண்ணையில் அரிசி அளந்தார்கள். "என்னகா புள்ள, வாய் மூடிக் கிடக்காய்?" என்றார் மூத்தம்மா. பொயிஸ், பஸ்கால் என்று எதையும் சொல்லாமல், சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்கு மாற்றும்போது பிழைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அவர் கொத்தையும் சுண்டையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இந்த மூடைய எதால அளந்தா கூடத் தரம் அளக்கணும்?"

"சுண்டால."

"கொத்தால?"

"குறையத் தரம்."

"அவ்வளவுதான். அளக்கிற சாமான் சின்னனாப் போனா எண்ணம் கூடும், பெரிசாப் போனா எண்ணம் குறையும். அரிசி கூடுறதும் இல்ல, குறையுறதும் இல்ல. நீ சுண்ட வெச்சுப்போட்டுக் கொத்த எடுத்திருக்காய். பொறகு ஏன் எண்ணத்தக் கூட்டினாய்?"

வீட்டம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தவணை முழுக்க அடுக்குக்குறிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அளக்கப்படும் பொருளைப் பார்க்கவேயில்லை.

திரும்பும்போது துறைக்கு நடந்ததில் மூத்தம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பாதையில் அவரை இருத்தி, பையிலிருந்த மருந்தை வாயில் அடித்தோம். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சையும் இழுத்தார். வாவி முழுக்கக் காற்று. எல்லோருக்கும் அதே 180 மைக்ரோபொயிஸ். அவருக்கு மட்டும் அது போதவில்லை. ரீச்சர் எழுதிய வரி அப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது. கரை சேரும்வரை துஆ கேட்டபடி இருந்தேன். அல்ஹம்துலில்லாஹ், மெல்ல மெல்ல மூச்சு சீரானது.

பொயிஸ் என்ற பெயர் புவாசேய் என்ற பிரெஞ்சு வைத்தியரிடமிருந்து வந்தது என்பதைப் பின்னர்தான் படித்தேன். 1797இல் பிறந்தவர். உடம்பில் இரத்தம் ஓடுவதை விளங்கிக்கொள்ளவே அவர் ஒடுங்கிய குழாய்களில் திரவம் பாய்வதை அளந்தார். அவர் கண்ட விதிப்படி, குழாயின் ஆரை பாதியானால், அதே அமுக்கத்தில் பாய்வது பதினாறில் ஒரு பங்காகிவிடும். மூத்தம்மாவின் காற்று தடிக்கவில்லை. போகும் வழிதான் ஒடுங்கியது. ஒரு வைத்தியரின் கவலையில் பிறந்த கணக்கை நான் வெறும் பூச்சியங்களாகப் பார்த்திருந்தேன்.

நான் பிரிவு மாறவில்லை. இப்போது இப்படியான கேள்வி வந்தால், முதலில் தண்ணீரை எழுதிக்கொள்வேன். 20 பாகை செல்சியஸில் அதன் பிசுக்குமை ஏறத்தாழ ஒரு சென்ரிபொயிஸ். அதாவது 10,000 மைக்ரோபொயிஸ், அல்லது 0.001 பஸ்கால் செக்கன். காற்று இதற்குக் கீழே நிற்க வேண்டும், தேன் மேலே, கீல் எங்கோ உச்சியில். என் விடை அந்த வரிசையில் பொருந்தாவிட்டால் எண்ணை நம்பமாட்டேன், திரும்பச் செய்வேன். கணக்கில் தடுக்கி விழும் தங்கைமாருக்கும் இதையே சொல்வேன்: கையால் தொட்டறிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுச் சுண்டு இப்போது என் மேசையில் பென்சில் தாங்கி நிற்கிறது. சோற்றுக்கு அரிசி போடும் நேரமெல்லாம் அதைத் தேடி வந்து மூத்தம்மா என்னை ஏசுகிறார்.