அலைக்கு முன்னால் முதலாளி இல்லை

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பிள்ளைகள் நீச்சல் பழகியதெல்லாம் கிணற்றிலும் கண்மாயிலும்தான். மழை பொய்த்த வருஷங்களில் அதுவும் இல்லை. கடல் என்றால் நமக்குத் திருச்செந்தூர். முழுக்குப் போட்டுவிட்டுக் கரையேறிவிடுவோம். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களைத்தான் அலைச்சறுக்கு பழகப் போங்கள் என்று இந்த வயதில் வற்புறுத்துகிறேன்.

சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் கோவளம். அங்கே மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன், சிறுவயதில் கையில் கிடைத்த மரப்பலகையோடு அலையில் விளையாடியவர். 2012-இல் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு ஓர் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். குடி கூடாது, புகை கூடாது என்பது அங்கே கட்டளை. குப்பத்துப் பையன்கள் பலர் இன்று பயிற்சியாளர்கள். பக்கத்து மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்தது.

நானும் அங்கே பழகப் போனேன். முதல் பாடம் மணலில். பலகையின் மேல் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். நெஞ்சுக்குப் பக்கத்தில் கைகளை ஊன்றி ஒரே வீச்சில் எழுந்து, கால்களை முன்னும் பின்னுமாக வைத்து, முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். புதியவர்களுக்குக் கொடுப்பது மெத்தென்ற நீளமான பலகை. அதன் கயிறு கணுக்காலில் கட்டியிருக்கும். பிறகு இடுப்பளவுத் தண்ணீர். உடைந்து நுரையாக வரும் அலை போதும், பயிற்சியாளர் பின்னாலிருந்து தள்ளிவிடுவார். குனிந்து பலகையைப் பார்த்தால் விழுவது நிச்சயம். "ஐயா, கீழ பாக்காதீங்க, கரையப் பாருங்க" என்று என் பேரன் வயதுத் தம்பி கத்தினான். சரி தம்பி என்று கேட்டுக்கொண்டேன்.

எழுவதற்கு முன்பே விழுவதைச் சொல்லிக் கொடுத்தார்கள். தலைகுப்புறப் பாயக் கூடாது, தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது கைகளால் தலையை மறைத்துக்கொள்ள வேண்டும், கயிற்றில் கட்டிய பலகை திரும்பி வந்து அடிக்கும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். பட்டாசு ஆபீஸில் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று மருந்தைத் தொடுமுன் சொல்லித்தருவது போலத்தான் இதுவும். பயத்துக்கு மரியாதை கொடுத்து வேலை பார்ப்பது நம் ஊருக்குப் புதிதில்லை.

புதிது வேறொன்று. நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவரும் அந்த மணலில் படு என்றால் படுக்க வேண்டும். நம் பக்கத்தில் தொழில் வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள் படித்து முடித்ததும் தயாராக இருக்கும் நாற்காலியில் உட்கார்கிறார்கள். ஒன்றும் தெரியாதவனாக ஒருவர் முன்னால் நிற்கும் நேரமே அவர்களுக்கு வாய்ப்பதில்லை. இது பெரிய நஷ்டம் என்பேன். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் மொழி தெரியாத கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததால்தான் சிவகாசிக்கு இந்த வாழ்வு. கற்கப் போனவர்களின் ஊர் இது. யாரிடம் கற்கிறோம், அவர் என்ன சாதி, என்ன வயது என்று பார்த்திருந்தால் இன்னும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

தீபாவளி முடிந்து ஆபீஸ் அடைத்திருக்கும் நாட்களில் போகாதீர்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம், கடல் கொந்தளிப்பாக இருக்கும். தை கழிந்த பிறகு போங்கள். வெயில் ஏறுமுன், காற்று எழுமுன் தண்ணீரில் இறங்குங்கள். நெஞ்சுவலி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பிள்ளைகளை அனுப்பும்போது உங்களிடம் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளையும் அதே வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.