ஜூன் 30-க்கும் ஜூலை 1-க்கும் நடுவே

எங்கள் காலத்தில் பிறந்த தேதி என்பது பெரும்பாலும் வாத்தியார் எழுதுவது. பையனை அழைத்து வரும் அப்பாவுக்குத் தேதி தெரியாது. "மழை பெய்ஞ்சு கண்மாய் உடைஞ்ச வருசம்" என்பார். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று வைத்துக்கொள்வோம். மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியை எழுதிக்கொள்வோம். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் சான்றிதழ்படி மே, ஜூனில்தான் பிறந்திருப்பீர்கள். அந்தத் தேதியால் நமக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஓய்வு பெறும் நாள் கொஞ்சம் முன்னே பின்னே ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் நம் மாவட்டத்திலேயே, ஒரு நாள் முன்னே பின்னே ஆனதால் வாழ்க்கை வேறாகிப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். 2025 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் மசோதா வந்தபோது அந்த நினைப்பு வலுத்தது.

பேரனிடம் சொல்லி அந்த மசோதாவைப் போனில் இறக்கித் தரச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு நாள் படித்தேன். 1920-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் நுழைவுச் சட்டம், 1939-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் பதிவுச் சட்டம், 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம், 2000-ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம் ஆகிய நான்கையும் நீக்கிவிட்டு ஒரே சட்டமாக்குவது அதன் நோக்கம். செல்லத்தக்க பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்களை ஒழுங்குபடுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. எல்லை உள்ள நாட்டுக்குக் காவலும் வேண்டும். ஏப்ரலில் இரு அவைகளும் நிறைவேற்றி முடித்தன. செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அதே வேளையில் மத்திய அரசு ஒரு விலக்கும் கொடுத்தது. 2015 ஜனவரி 9-க்கு முன் இங்கே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகள், பாஸ்போர்ட் விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். நல்ல செய்திதான். எனக்குத் தெரிந்த முகாம் குடும்பம் ஒன்று அன்று இனிப்பு வாங்கி வந்து கொடுத்தது. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

"சேர், செயில் இல்லை எண்டு சொல்லினம். அப்ப எங்கட பிள்ளையள் ஆர் சேர்?"

நான் அந்தப் பள்ளியில் வேலை பார்த்தபோது முகாம் பிள்ளைகள் நிறையப் பேர் படித்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் "சார்" என்பார்கள், அவர்கள் "சேர்" என்பார்கள். இரண்டு வருடத்தில் அவர்களும் "சார்" ஆகிவிடுவார்கள். இந்த அம்மா மட்டும் மாறவே இல்லை. மன்னார்ப் பக்கத்திலிருந்து 1984-ல் படகில் வந்தவர். அவருடைய மகள் 1987 மார்ச்சில் பிறந்தாள். மகன் 1988 அக்டோபரில் பிறந்தான். இருவரும் பிறந்தது இந்த மாவட்டத்தில், ஒரே அரசு ஆஸ்பத்திரியில். இருவரையும் ஆறாம் வகுப்பில் சேர்த்து, பதிவேட்டில் எழுதியது நான்தான். இவர்களுடைய தேதி எங்கள் காலத்துத் தேதி போல இல்லை. ஆஸ்பத்திரியில் எழுதிய, முத்திரை வைத்த தேதி.

நம் குடியுரிமைச் சட்டம் 1955-ல் வந்தது. அதன்படி 1950 ஜனவரி 26-க்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், ஓரிரு விதிவிலக்கு தவிர, பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-ல் இதைத் திருத்தினார்கள். அசாம் கிளர்ச்சி நடந்து முடிந்திருந்த காலம். திருத்தம் 1987 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டது அதே ஜூலை 29-ஆம் தேதி. அந்த ஒப்பந்தம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. நான்கு வாரம் முன்னால் விழுந்த கோடு யாருக்கும் நினைவில்லை.

மகள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், மகன் அந்தப் பக்கம்.

மகளுக்கும் எதுவும் தானாகக் கிடைத்துவிடவில்லை. முகாமில் பிறந்தவள் என்றதும் எல்லா மேசையிலும் "அகதி" என்றே எழுதினார்கள். 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு தீர்ப்புச் சொன்னது. 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள், அவருக்குப் பாஸ்போர்ட் கொடுங்கள் என்றது. அதைப் படித்தபிறகுதான் இந்தப் பெண்ணும் தன் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

தம்பிக்கு அந்த வழியும் இல்லை. நன்றாகப் படித்த பையன். கணக்கில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தான். அரசு வேலைக்கு விண்ணப்பப் படிவத்தில் 'நாட்டுரிமை' என்ற இடத்தில் என்ன எழுதுவது? பாஸ்போர்ட் இல்லை, வெளிநாட்டு வேலை இல்லை. ஓட்டு இல்லை. இன்று மதுரைப் பக்கம் பெயிண்ட் அடிக்கிறான். முகாம் ஆண்களில் பாதிப்பேர் கையில் அந்தப் பிரஷ்தான் இருக்கிறது. முகாமில் செக்கிங் நாள் என்றால் எங்கே வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வர வேண்டும். ஆள் இருப்பதைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கதை இதோடு நிற்கவில்லை. அவன் நம் ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். பெண்ணின் அப்பாவும் என்னிடம் படித்தவர்தான். 2016-ல் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. தாய் இந்தியக் குடிமகள், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாம் உண்டு. அப்படியிருக்கக் குழந்தைக்கு என்ன தடை என்றுதான் எல்லாரும் நினைப்போம். ஆனால் 2003-ல் சட்டத்தை இன்னொரு முறை திருத்தினார்கள். 2004 டிசம்பர் 3-லிருந்து பிறக்கும் குழந்தைக்கு, தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர்களை அந்தப் பெயரில்தான் சட்டம் பார்க்கிறது. இந்தத் தகப்பனோ எங்கிருந்தும் வந்தவன் அல்ல, இங்கேயே பிறந்தவன். ஆனாலும் அவன் பெயர் முகாம் பதிவேட்டில் இருக்கிறது. அதைக் காட்டியே குழந்தையின் குடியுரிமை கேள்விக்குறியாகி நிற்கிறது.

ஒரே குடும்பத்தில் அத்தை இந்தியர், அம்மா இந்தியர், அப்பா யாரும் இல்லை, பிள்ளை யாரென்று தெரியவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2021-ல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர், வெளியே பதிவு செய்துகொண்டு சுமார் 34 ஆயிரம் பேர். அந்த ஆண்டு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், புது வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை, டெல்லியின் கையில்தான் இருக்கிறது.

சிலர் கோபப்படுவார்கள் என்று தெரியும். 1991 மே 21-க்குப் பிறகு நம் மனசு சுருங்கிப் போனது உண்மை. ஆனால் அன்றைக்கு அந்த மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு மூன்று கூட நிரம்பவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கில், எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள இந்தியா சத்திரம் இல்லை என்ற கருத்து வந்தது. சத்திரங்களைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ராமேஸ்வரம் போகும் வழியெல்லாம் சேதுபதிகள் கட்டிவைத்தது அவைதானே. சத்திரத்தில் வழிப்போக்கர் ஓரிரு நாள் தங்குவார், கஞ்சி குடிப்பார், போய்விடுவார். நாற்பது வருடம் தங்கி, அங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் பிள்ளை பெற்றுவிட்டால் அவரை வழிப்போக்கர் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். மண்டபம் முகாம் 1983-க்குப் பிறகு அகதிகளுக்காகக் கட்டியது அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களைத் தடுத்து வைத்து, அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம் அது. நம் பாட்டன்மார் கண்டிச்சீமை போனது அந்த வாசல் வழியாகத்தான். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்த மலையகத்து வம்சத்தில் பலர் கலவரத்துக்குப் பிறகு அகதியாக வந்து, இன்றும் முகாமில் இருக்கிறார்கள். பாட்டன் போன முகாமுக்கே பேரன் திரும்பி வந்திருக்கிறான். இவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் மதுரைக் கிளை தீர்ப்புக் கொடுத்தது. தோட்டத்தில் தங்கிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு 2003-ல் ஒரு சட்டம் போட்டு இலங்கை குடியுரிமை கொடுத்துவிட்டது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

வழி இல்லாமலும் இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றி எவ்வளவோ சண்டை நடந்தது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அதைச் செய்த விதத்தை மட்டும் கவனியுங்கள். பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு சமயத்தவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று கருதக் கூடாது என ஒரு வாசகத்தைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான், கதவு திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அதே இடத்தில் இன்னொரு வாசகம் சேர்த்தால் போதும். அரசு முகாமில் பதிவு செய்தவர்களும் அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்று எழுதிவிட்டால், பதிவு மூலமோ, இத்தனை ஆண்டு வசித்ததைக் காட்டியோ அவர்கள் விண்ணப்பிக்கலாம். திரும்பிப் போக விரும்புகிறவர் போகட்டும். அவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. பிறந்த மண்ணிலேயே இருக்க நினைக்கிற பிள்ளைகளுக்குத்தான் கேட்கிறேன்.

நம் அரசியலமைப்பில் 14, 21 ஆகிய பிரிவுகள் 'எந்த ஒரு நபருக்கும்' என்று பேசுகின்றன. உயிருக்கும் சமத்துவத்துக்கும் குடிமகனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால்தான் அந்தப் பையன் பள்ளியில் படிக்க முடிந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. ஆனால் அரசு வேலையில் சம வாய்ப்புச் சொல்லும் 16-ஆம் பிரிவும், நாட்டில் எங்கும் போய் வாழலாம், தொழில் செய்யலாம் என்று சொல்லும் 19-ஆம் பிரிவும் குடிமக்களுக்கு மட்டும்தான். உயிரோடு இருக்கலாம், தலை நிமிர்ந்து எழுந்து நடக்க முடியாது.

இதைப் படிக்கிறவர்களில் முகாம் இருக்கும் ஊர்க்காரர்கள் பலர். உங்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த முகாம் குடும்பத்தில் 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் யாராவது இருந்தால், அவர்களுடைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அது வெறும் காகிதம் அல்ல. அடுத்து, நம் எம்.பி. ஊருக்கு வரும்போது ரோடு கேட்போம், ரயில் கேட்போம். இந்த ஒரு வாசகத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வயசானவர்கள் கேட்டால் கொஞ்சம் நின்று காது கொடுப்பார்கள்.

அந்தப் பெயிண்டர் பையனின் மகன் இப்போது நான்காம் வகுப்பு. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். பெருக்கல் கணக்குப் போட்டுக் காட்டினான். எல்லாம் சரி. அப்பனைப் போலவே வருவான் போலிருக்கிறது.